மெடிக்கல் கார்டுக்கு ஐந்தாவது ஆள்

இந்த நாட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், என்ன நோய் என்பதைப் பிறகுதான் கேட்பார்கள். முதல் கேள்வி, கார்டு இருக்கா என்பது. மலேசியாவுக்கு வந்த புதிதில், மந்தின் என்ற சிற்றூரை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் தேங்காய் உடைக்கும்போது கையைக் கிழித்துக்கொண்டேன். ரத்தம் சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்தவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். துணி கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, கார்டு இருக்கா?" என்றாள். அடையாள அட்டையைக் கேட்கிறாள், கை வெட்டுப்பட்டால்கூட இங்கே பதிவு செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று பயந்து, பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது என்றேன். பாஸ்போர்ட்டைக் காட்டினால் ரத்தம் நிற்குமா என்பது போல அவள் என்னைப் பார்த்தாள். அதன் பிறகுதான் துணி வந்தது.

அவள் கேட்டது மெடிக்கல் கார்டு. தனியார் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொள்ளும் காப்பீட்டின் அட்டை. ஊரில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நம் ஏடிஎம் கார்டு அளவில்தான் இருக்கும். அதைக் காட்டினால் பணம் வராது, கட்டில் வரும். நம் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை ஏக்கர் என்று விசாரிப்பது போல, இங்கே கார்டில் ரூமுக்கு எவ்வளவு தருவான் என்று விசாரிக்கிறார்கள். கார்டு விற்பதற்கு ஆளில்லாத குடும்பமே கிடையாது. எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவன் தேவன். என் கணவர் சேகரனின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் முழுக்கைச் சட்டையுடன் முன்வரிசையில் அவன் நிற்பான். பிணத்தைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக, "கார்டு இருந்துச்சா?" என்பான். இருந்தது என்று சொன்னால், "பாருங்க, நல்லபடியா பாத்துருக்காங்க" என்பான். இல்லை என்று சொன்னால், "பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வான். இரண்டு பதிலுக்கும் அவனுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்துவிடுவார்.

எனக்கு இது அருவருப்பாக இருந்தது. நான் பிறந்து வளர்ந்த கரூரில் எங்களுக்குக் காப்பீடு என்று ஒன்று இருந்ததில்லை. ஆள் தெரியும் என்பதுதான் எங்கள் காப்பீடு. அப்பா பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டர். ஒரு நாள் பஸ் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு ஒரு கம்பவுண்டரைத் தெரியும். கம்பவுண்டருக்கு எக்ஸ்ரே எடுப்பவரைத் தெரியும். எக்ஸ்ரேக்காரர் வார்டு நர்ஸின் ஊர்க்காரர். இந்த வரிசையில் பணிவோடு கும்பிடு போட்டபடி நாங்கள் பதினோரு பேர் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நின்றோம். பொழுது சாய்வதற்குள் அப்பாவுக்குக் கட்டில் கிடைத்துவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே காபி குடித்தோம். அந்தக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கப்பட்டவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவருக்கு ஆள் தெரியாது, அவ்வளவுதான். இதை இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் யோசித்தேன், அதுவும் எனக்கு ஆள் தெரியாமல் போன பிறகு.

சேகரனுக்குத் தொழில் கெனோபி வாடகைக்கு விடுவது. இரும்புக் குழாய்ச் சட்டங்களை நிறுத்தி, மேலே துணி இழுத்துக் கட்டும் பந்தல். மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணம், சீனர் வீட்டுச் சாவு, நம்மவர் கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் அதே இரும்புதான். துணியை மட்டும் மாற்றுவோம். சிரம்பான், லாபு, போர்டிக்சன் வரைக்கும் போவோம். குணா என்பவனும் அவனுடைய மச்சான்கள் இரண்டு பேரும் வேலையாட்கள். மீதி வேலை எல்லாம் என்னுடையது. மூன்று மொழியில் போனில் பேசி ஓடர் எடுப்பது நான். நாற்காலி உறைகளில் ஒட்டிய குழம்புக் கறையைத் தேய்த்து எடுப்பதும், கிழிந்த துணியைத் தைப்பதும், மழை பெய்து கல்யாணம் நனைந்தால் திட்டு வாங்குவதும் நான். குணா வராத நாளில் லோரியும் ஓட்டுவேன்.

என் பாஸ்போர்ட் இதைப் பற்றி வேறு மாதிரி சொல்கிறது. பதினெட்டு வருடமாக, மலேசியரின் மனைவி என்ற முறையில் இங்கே தங்கலாம், வேலை எதுவும் செய்யக் கூடாது என்றுதான் அதில் முத்திரை விழுகிறது. நிரந்தரமாகத் தங்கக் கொடுத்த மனு எந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. வேலை செய்ய அனுமதி வேண்டுமென்றால் தனியாக மனு போடலாம், இங்கே அதைப் பாரம் என்பார்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை அதைப் பற்றிப் பேச்சு வந்தது. "சொந்த வியாபாரம் மா. யாரு வந்து கேக்கப் போறா. பாரம் போட்டா சும்மா அலைய விடுவானுங்க" என்றார் சேகரன். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சம்பளம் வாங்கினால் வேலைக்காரி, வாங்காவிட்டால் முதலாளியம்மா. புலம்பெயர்ந்து வந்து சொந்தக் கடையில் நிற்கும் பெண்கள் பலரும் செய்கிற முட்டாள்தனம் இது. நான் அதைப் பதினெட்டு வருடம் மனதார அனுபவித்துச் செய்தேன்.

போன வருடம் எனக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. ஸ்கேன் எடுத்த டாக்டர், கர்ப்பப்பையில் கட்டி, அது புற்றுநோய்க் கட்டி போல் தெரியவில்லை, ஆனால் வளர்ந்துகொண்டே போகிறது, ஆறேழு மாதத்துக்குள் கர்ப்பப்பையோடு எடுத்துவிடுவது நல்லது என்றார். ரத்தம் குறைந்து மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேகரன் வழக்கமாகச் சீனி வியாதிக்கு மருந்து வாங்குகிற இடம்தான். அவர் ஒரு ரிங்கிட் கொடுத்து டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார். குடிமக்களுக்கு அதுதான் கட்டணம். எனக்கு வெளிநாட்டவர் கட்டணம், அதற்கு முன்பணமும் கட்ட வேண்டும். கவுண்டரில் இருந்தது தமிழ்ப் பெண். தொகையை வாயால் சொல்லச் சங்கடப்பட்டு, ஒரு தாளில் எழுதி என் பக்கம் தள்ளினாள். "என்னா செய்றது அக்கா, ரூல்ஸ் அப்படி இருக்கு" என்றாள். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்ற இரண்டு உடம்புகளில் ஒன்றுக்கு ஒரு ரிங்கிட், இன்னொன்றுக்கு எங்கள் கெனோபி எல்லாவற்றையும் விற்றாலும் யோசிக்க வேண்டிய தொகை.

திருப்பூரில் இருக்கும் என் தம்பி போனில் கேட்டுவிட்டு, "நீ கெளம்பி வந்துரக்கா, இங்க நமக்கு ஆள் தெரியும்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன் அந்த வார்த்தையை. ஒரு வாரம் கழித்து அவனே கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. "அந்த கவர்மெண்டு இன்சூரன்ஸ் திட்டத்துக்கு ரேசன் கார்டுல பேர் இருக்கோணுமாமா. உன்ற பேரக் கல்யாணத்தப்பவே எடுத்துப் போட்டமல்லக்கா." எடுக்கச் சொன்னதும் நான்தான். வெளிநாட்டுக்குப் போகிறவள் பெயரில் அரிசி வாங்குவது தப்பு என்று அன்று பெரிய நியாயம் பேசினேன். தவிர, இங்கே தங்குவதற்கான என் பாஸைப் புதுப்பிக்க நானும் சேகரனும் சேர்ந்து போய் உட்கார வேண்டிய மாதமும் நெருங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வருவது என்ன கதியாகுமோ. ஊர் போவது பற்றிய பேச்சு அத்தோடு நின்றது.

பிறகுதான் சந்தைக்குப் போனேன். பல கம்பெனிகளின் திட்டங்களை ஒரே இடத்தில் அடுக்கி வைத்து ஒப்பிட்டுக் காட்டும் இணையச் சந்தை. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கத்தரிக்காயை நாம் அழுத்திப் பார்த்து வாங்குவோம். இங்கே கத்தரிக்காய் நம்மை அழுத்திப் பார்க்கிறது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று நகைக்கடை மாதிரி பெயர்கள். வயது கேட்டது, எடை கேட்டது, புகைப்பேனா என்று கேட்டது, அப்பா எதனால் செத்தார் என்று கேட்டது. ஒவ்வொரு பதிலுக்கும் விலை கொஞ்சம் ஏறினாலும் சந்தையின் முகம் மலர்ந்தே இருந்தது. கடைசியில், தற்போது சிகிச்சை தேவைப்படும் நோய் உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று அழுத்தினேன். விலைகள் எல்லாம் மறைந்து, எங்கள் அதிகாரி உங்களைத் தொடர்புகொள்வார் என்ற ஒரே வரி வந்தது. பொய் சொல்லலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஸ்கேனில் தேதியோடு படம் இருக்கிறதே, எப்படிப் பொய் சொல்வது.

ஆச்சரியம், அதிகாரி உண்மையிலேயே தொடர்புகொண்டார். சீனப் பெண், இனிமையான குரல். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு விதமாக உடைந்த மலாயில் பேசினோம். என்ன வேலை என்று கேட்டார். முத்திரை நினைவுக்கு வந்து, வேலை என்று சொல்லாமல், சேகரன் என்பவருடைய கம்பெனியில் உதவியாக இருக்கிறேன் என்றேன். இந்தியக் குடியுரிமையா என்றார். ஆமாம் என்றேன். சமையல், துணி துவைப்பது எல்லாம் செய்வீர்களா என்றார். செய்வேன் என்றேன். உறை துவைப்பது நான்தானே. முதலாளி தங்குவதற்கு இடம் தருகிறாரா என்றார். தருகிறார், ஒரே ரூம்தான் என்றேன். பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் புகார் கொடுக்க ஒரு நம்பர் இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டார். அவர் என்னை வீட்டு வேலைக்கு வந்த மெய்டு என்றே நினைத்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேகரன் என் கணவர்தான் என்று விளக்கியதும், கணவர் என்றால் சம்பளம் கிடையாதா, அப்படியானால் எந்தப் பிரிவில் போடுவது என்று உண்மையாகவே குழம்பினார். வேலைக்காரிக்குத் திட்டம் இருந்தது. வேலை செய்யாத மனைவிக்கும் இருந்தது. வேலை செய்கிற மனைவிக்கு அவருடைய பட்டியலில் கட்டம் இல்லை. பக்கத்தில் இருந்த சேகரன் சிரித்தபடி, "மெய்டு கார்டு மலிவா இருக்கும் மா, எடுத்துருவோமா" என்றார். இரண்டு நாள் நான் ஓடர் போனை எடுக்கவில்லை. யார் எடுக்கிறார்கள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று கல்யாணம் வேறு கெனோபிக்காரனுக்குப் போனது.

மூன்றாவது நாள் தேவன் வந்தான். கழற்றிக் கொண்டுவந்த கெனோபித் துணி வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் தடவையாக எனக்குப் பயன்படுகிற ஒரு விஷயத்தைச் சொன்னான்.

"தனியா போட்டா ஒங்கள ஒருத்தனும் எடுக்க மாட்டான் அண்ணி. கம்பெனி பேர்ல குரூப்பா எடுங்க. சின்ன கம்பெனிக்குன்னே ஒரு பிளான் இருக்கு. பழைய நோவு கேக்க மாட்டான், நாலு மாசம் வெயிட் பண்ணா போதும். வேலையாளு அஞ்சு பேரு இருக்கணும், அவ்ளோதான் லா."

"அஞ்சு பேர் இருக்கமே. உங்க அண்ணன், குணா, அவன் மச்சான் ரெண்டு பேரு, நானு."

தேவன் பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான். "ஒங்கள எண்ண முடியாது அண்ணி."

"ஏன்?"

"நீங்கதான் வேலை செய்யலியே."

அப்போது நான் முழங்கை வரை சோப்பு நுரையோடு நாற்காலி உறை கசக்கிக்கொண்டிருந்தேன். சேகரன் தூரத்துச் செம்பனை மரங்களை எண்ணுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேப்பர்ல, அண்ணி. பேப்பர்ல சொல்றேன்" என்றான் தேவன். வேலையாட்கள் ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் சேகரனின் மனைவி என்று என்னைப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் ஐந்தில் நான் ஒருத்தியாக முடியாது. ஆக, என் உயிர் இப்போது தொங்கியது டாக்டரிடம் அல்ல, எங்கேயோ இருக்கும் ஓர் ஐந்தாவது ஆளிடம்.

சேகரன் பிறந்தது இதே வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில். தோட்டம் துண்டாடப்பட்டுப் பாதி செம்பனையாகவும் பாதி எங்களைப் போன்றவர்களின் வீடுகளாகவும் ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து ஒரு கதை சொன்னார். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்குமாம். எல்லோரும் வரிசையில் நிற்க, கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். பெயர் இருந்தால் அன்றைக்குச் சம்பளம். "எங்கப்பா பேரத்தான் கூப்புடுவாங்க. ஆனா பாதி மரம் எங்கம்மாதான் வெட்டிப் பாலெடுப்பாங்க. அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் அப்படித்தான் மா." உங்கள் அம்மாவுக்கு உடம்புக்கு வந்தால் தோட்டத்து மருந்தகத்தில் யார் பெயரில் மருந்து கொடுப்பார்கள் என்று கேட்டேன். "அப்பா பேர்லதான்" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் தான் சொன்ன கதை சமாதானக் கதை அல்ல என்பது அவருக்கே பிடிபட்டது. மறுநாள் என் எதிரில் உட்கார்ந்து, "எம் மேலதான் தப்பு. அப்பவே பாரம் போட்டுருக்கணும்" என்றார். வேலை அனுமதிக்கு அன்றே மனுவும் போட்டோம். அது வரும்வரை கட்டி காத்திருக்குமா என்பதுதான் கேள்வி.

ஐந்தாவது ஆளைத் தேடினோம். பொய்ப் பெயர் போடக் கூடாது என்பதில் சேகரன் உறுதியாக இருந்தார். மாதாமாதம் சேமநிதி கட்டி, நிஜமாகவே வேலைக்கு வருகிற ஆளாக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு என்னை ஆப்பரேஷன் மேசையில் படுக்க வைத்த பிறகு காப்பீட்டுக்காரன் கார்டை ரத்து செய்துவிடுவான் என்று பயந்தார். கெனோபி கட்ட ஆள் தேவை என்று வாட்ஸப்பில் போட்டோம். ஒருவரும் வரவில்லை. இளவட்டங்கள் எல்லாம் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதை விட்டு வர மாட்டோம் என்றார்கள். பிறகு, மெடிக்கல் கார்டு உண்டு என்று ஒரு வரி சேர்த்தோம். மறுநாளே ஏழு பேர் வந்துவிட்டார்கள். ஏழு பேரும் நோயாளிகள். ஒருவருக்கு முதுகெலும்பு விலகியிருந்தது. ஒருவர் இதய ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டே வந்திருந்தார். ஏணியைக் காட்டியதும் இருமத் தொடங்கிய ஒருவர், தேநீர் கொடுத்த பிறகுதான் நிறுத்தினார். மூட்டு வலிக்காரர் ஒருவர் மட்டும் நேர்மையாக, "கட்ட முடியாது தங்கச்சி, கட்டுறவங்கள மேற்பார்வை பாத்துக்கிறேன்" என்றார். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அந்த வரிசையில் எட்டாவது ஆள்தானே. காப்பீட்டுக் கம்பெனிகள் ஏன் நோயாளிகளைக் கண்டால் அவ்வளவு பயப்படுகின்றன என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. வாசல் நிறைய நோயாளிகளை உட்கார வைத்துக்கொண்டு நானும் அவர்களைக் கண்டு பயந்துகொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் தேவன் வந்தபோது நான் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். "தம்பி, நீங்க எந்த கார்டு வெச்சிருக்கீங்க? அந்த வைரமா?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "எனக்கு கார்டு இல்ல அண்ணி."

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன்.

"கிட்னி ஒன்னு சரியில்ல. நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன். எங்க கம்பெனியே என்னைய எடுக்கல."

"நீங்க அங்கதான வேலை செய்றீங்க?"

"நான் வேலையாளு இல்ல அண்ணி. கமிஷன் ஆளு. எங்களுக்கு குரூப்லாம் கெடையாது."

பன்னிரண்டு வருடம் சாவு வீடு சாவு வீடாக ஏறி இறங்கியவன். இந்த வட்டாரத்தில் பாதிப் பேரைத் தனியார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தவன். அவனுக்குப் படுக்க ஒரு கட்டில் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்காக வெட்கமும் வந்தது. அவன் காய்ந்துகொண்டிருந்த துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தபடி, "அண்ணே எடுத்துக்கிட்டா, நான் வந்து கட்டுறேன்" என்றான். சேகரனிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏறுவானா?"

ஏறினான். முதல் நாள் காலில் பளபளவென்ற சப்பாத்துடன் வந்து வழுக்கினான். இரண்டாவது வாரம் குணாவின் பழைய சப்பாத்து. கனமான குழாயைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் கயிறு கட்டுவதும் துணி இழுப்பதும் அவன் வேலையானது. முடிச்சுப் போடுவதில் ஆச்சரியமாகத் திறமைசாலி. ஆனால் வாயை நிறுத்த முடியவில்லை. ஏணி உச்சியில் நின்றபடி, கீழே நாற்காலி எண்ணிக்கொண்டிருக்கும் கல்யாண வீட்டுக்காரரிடம், "அங்கள், கார்டு இருக்கா" என்பான். எங்கள் குரூப் திட்டத்தைத் தானே விற்றுத் தானே வேலையாளாகச் சேர்வது சரிப்படாது என்று வேறொரு ஏஜெண்டு மூலம் எடுக்க வேண்டியதாயிற்று. தன் அண்ணன் கம்பெனியின் கமிஷன் இன்னொருவனுக்குப் போனதில் அவன் பட்ட துக்கம், கிட்னிக்குப் பட்டதைவிட அதிகம். எது எப்படியோ, ஐந்து பேர் ஆகிவிட்டோம். திருத்திக்கொள்கிறேன், ஐந்து பேர் ஆகிவிட்டார்கள்.

ஐந்து பேரின் கார்டுகளும் ஒரே நாளில் ஒப்புதலாகின. என்னுடையது மட்டும் நின்றது. தேவன் மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்ல அண்ணி, ஒரே ஒரு கட்டம் பாக்கி. ஒங்களுக்கு ஒரு ஸ்பெஷல் சலுகை இருக்கு, எங்க யாருக்கும் கெடையாது" என்றான். பதினெட்டு வருடத்தில் எனக்கென்று தனியாக ஒரு சலுகை. ஆவலோடு எட்டிப் பார்த்தேன். வெளிநாட்டு உறுப்பினர் இறந்துபோனால் சடலத்தைச் சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவைக் கம்பெனியே ஏற்கும். அனுப்ப வேண்டிய முகவரியை எழுதுக. எழுதாவிட்டால் கார்டு கிடையாது. கார்டு இல்லாவிட்டால் ஆப்பரேஷன் கிடையாது.

நான் எங்கள் வீட்டு முகவரியைச் சொன்னேன். தேவன் தட்டினான். கட்டம் சிவப்பானது. நாடுகளின் பட்டியலை இழுத்துப் பார்த்தோம். உலகத்தில் உள்ள தீவுகள் எல்லாம் இருந்தன, மலேசியா மட்டும் இல்லை. "இங்கயே இருக்கப்போற ஒடம்ப எங்க அனுப்புறதுன்னு அதுக்குத் தெரியல அண்ணி" என்றான் பரிதாபமாக. தம்பியின் திருப்பூர் வாடகை வீட்டைப் போட்டோம். அதுவும் சிவப்பு. பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரியோடு பொருந்த வேண்டுமாம். பாஸ்போர்ட்டில் இருப்பது கரூரில் எங்கள் அப்பா வீடு. அப்பா போன பிறகு தம்பி அதை விற்றுவிட்டான். வாங்கியவர் முன்னறையை இடித்துச் செல்போன் கடை வைத்திருக்கிறார். கடைசியாக ஊருக்குப் போனபோது அதன் முன்னால் போய் நின்றேன். அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. கடைக்காரர், "என்ன மாடலுங்க?" என்றார். இது என் வீடு என்று சொல்ல வாய் வராமல், ஒரு சார்ஜர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த முகவரியைத் தட்டச் சொன்னேன். கதவு எண், தெருப் பெயர், கரூர், இந்தியா. கட்டம் பச்சையானது. சேகரன் என் தோளில் கை வைத்து, "அப்படியெல்லாம் ஒன்ன எங்கயும் அனுப்ப மாட்டேன் மா" என்றார். மறுநாள் காலை என் கார்டு ஒப்புதலாகி வந்துவிட்டது.

நான்கு மாதம் மாத்திரையிலும் பேரீச்சம்பழத்திலும் ஓட்டினேன். ஐந்தாவது மாதம் சிரம்பானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கார்டைக் காட்டியதும் கட்டில் வந்தது. சேகரனும் குணாவும் தேவனும் அன்று வந்த ஓடரை இன்னொருவரிடம் தள்ளிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சிரித்த முகத்தோடு, பயப்படாமல் பிடித்த யாரையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். சாமியை நினைக்கப் பார்த்தேன், சேகரனை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை. வந்தது கரூர்ச் செல்போன் கடைக்காரர்தான். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒருவேளை இது தப்பாகப் போனால், விமானத்தில் ஏறி, லாரியில் இறங்கி, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, சடலத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று அவர் போடும் கையெழுத்துக்காக நான் காத்திருக்க வேண்டும். கண் சொருகும் நேரத்தில் அவரிடம்தான் வேண்டிக்கொண்டேன். ஐயா, இன்றைக்கு மட்டும் கடையைக் கொஞ்சம் தாமதமாகச் சாத்துங்கள்.